பம்பு மேல் பழி போடும் முன்...
பழைய காரின் எண்ணெய் ஓட்டத்தில் வரும் மின்கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கும் வழி

தோட்டப்புறத்தில் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதுதான் ஆம்புலன்சு. பள்ளிக்கூடப் பஸ் வராத நாளில் அதுதான் பஸ். சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்குப் போய் அரிசியும் மாவும் ஏற்றி வருவதும் அதுதான். மருத்துவமனை பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால், நடுவில் செம்மண் சாலை, இருபுறமும் செம்பனை இருட்டு. அந்தச் சாலையில் கார் நின்றுபோனால் நம் நிலை என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும்.

நம்மவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பழைய வண்டி. 1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் புரோட்டோன் சாகா அறிமுகமாயிற்று. பின்னர் 1992-இல் ஈஸ்வராவும் 1993-இல் வீராவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தன. இவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை பல. இரும்பு நல்ல இரும்பு, என்ஜினும் உழைக்கும். ஆனால் முப்பது வருட வெயிலையும் மழையையும் பார்த்த ஒயர்கள் மட்டும் களைத்துப் போயிருக்கின்றன. எண்ணெய் என்ஜினுக்குப் போகாமல் கார் நிற்கும்போது, பல நேரங்களில் குற்றவாளி எண்ணெயோ பம்போ அல்ல, அந்த ஒயர்தான். இதை அறியாததால் நம் தொழிலாளித் தோழர்கள் வேர்வை சிந்திச் சம்பாதித்த காசு எவ்வளவு வீணாகிறது!

ஊகத்துக்குக் கொடுத்த விலை

ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோழர் ஒருவரிடம் பழைய ஈஸ்வரா. சாவியைத் திருகினால் ஏறும். எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே அணைந்துவிடும். முதல் பட்டறையில், "பம்பு போச்சுண்ணே, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றியாயிற்று. குறை தீரவில்லை. இரண்டாவது பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. மூன்றாவது இடத்தில் பிளக்கும் பிளக்கு ஒயரும் புதிது போட்டார்கள். மூன்று பில்லையும் கூட்டினால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி.

கடைசியில் அதே தோட்டத்தில் முன்பு லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் செருகியிருந்த ஒற்றை ஒயரைப் பிடித்து மெல்ல ஆட்டினார். என்ஜின் நின்றது, மறுபடி ஆட்டினால் ஏறியது. "தம்பி, இங்க பாரு, செருகி பச்சை புடிச்சுக் கிடக்கு" என்றார். ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்து, செருகியை இறுக்கி மாட்டினார். அவ்வளவுதான் வைத்தியம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதானோ!

பெரியவரிடம் மந்திரம் எதுவும் இல்லை. மற்றவர்கள் ஊகித்தார்கள், அவர் மின்சாரம் போகும் வழியைப் பின்தொடர்ந்து போனார். இந்தப் பழக்கம் ஒன்றைத்தான் இன்று நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

உங்கள் கார் எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய கார்கள் இரண்டு வகை.

ஒன்று, கார்புரேட்டர் வண்டி. பழைய சாகாவும் பெரும்பாலான ஈஸ்வராவும் இந்த வகை. இவற்றில் எண்ணெய் பம்பை என்ஜினின் கேம்ஷாப்டே தள்ளி இயக்குகிறது. பம்புக்கு மின்சாரமே கிடையாது. ஆகவே இந்த வண்டியில், "பம்புக்குக் கரண்டு வரல" என்று யாராவது சொன்னால், தாராளமாகச் சந்தேகப்படலாம். பிற்காலத்தில் யாராவது மின்சாரப் பம்பு பொருத்தியிருந்தால் அது வேறு கதை.

மற்றொன்று, எம்.பி.ஐ. என்கிற இன்ஜெக்‌ஷன் வண்டி. வீராவில் பல இந்த வகை. இதில் டாங்கிக்குள்ளேயே மின்சாரப் பம்பு முழுகிக் கிடக்கிறது. எண்ணெயை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால்தான் அது ஓடும்.

கார்புரேட்டர் வண்டிக்கு: அந்த ஒற்றை ஒயர்

கார்புரேட்டரில் கட்டைவிரல் அளவில் ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியை 'ஆன்' செய்ததும் அதற்கு 12 வோல்ட் போகிறது. உள்ளே இருக்கும் ஊசி பின்வாங்கி, 'ஐடல்' ஓட்டத்துக்கான சிறு துவாரத்தைத் திறந்துவிடுகிறது. சாவியை அணைத்தால் ஊசி முன்வந்து அடைத்துவிடும். சாவியை எடுத்த பிறகும் என்ஜின் 'கடகட'வென்று ஓடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்த ஒயரில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? எக்சிலேட்டரை மிதித்தால் வேறு வழியாக எண்ணெய் போகும், கார் ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். ஈஸ்வராத் தோழருக்கு வந்தது இதே குறைதான்.

சோதிப்பது எளிது. என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்யுங்கள். சோலனாய்டு ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வந்தால் மின்சாரமும் வருகிறது, ஊசியும் அசைகிறது. சத்தம் இல்லையென்றால் ஒயரின் முனையில் சோதனை விளக்கை வையுங்கள். விளக்கு எரிந்தால் சோலனாய்டு கெட்டிருக்கலாம். எரியாவிட்டால் பியூசையும் ஒயரையும் பாருங்கள். விளக்கு எரிந்தும் சோலனாய்டு அசையாவிட்டால், மாற்றும் முன் கார்புரேட்டருக்கு எர்த்து சரியாகக் கிடைக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சில இடங்களில் சோலனாய்டின் ஊசியை வெட்டிவிட்டு, "இனிமே பிரச்சினை இல்லீங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். நோயைத் தீர்க்காமல் வாயைக் கட்டுகிற வேலை அது. சாவியை எடுத்த பிறகும் என்ஜின் உதறும். காரணமான கெட்ட ஒயரும் அப்படியே கிடக்கும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு: படிப்படியாகப் போங்கள்

இங்கேதான் வழி நீளம். பேட்டரியில் தொடங்கும் மின்சாரம் பியூஸ், ரிலே, நீண்ட ஒயர், டாங்கியின் செருகி ஆகியவற்றைத் தாண்டிப் பம்பை அடைந்து, எர்த்து ஒயர் வழியாக வீடு திரும்புகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பம்பு ஊமைதான்.

முதல் படி: காது கொடுங்கள். சாவியை 'ஆன்'னில் வைத்ததும் பல கார்களில் பின்பக்கமிருந்து ஓரிரு விநாடிக்கு 'ஊம்' என்று பம்பு பாடும். சில கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டுமே ஓடும். ஒருவரைச் சாவி திருகச் சொல்லிவிட்டு, எண்ணெய் மூடியைத் திறந்து காது வைத்தால் கேட்கும். அப்போது பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு நிற்கக்கூடாது.

இரண்டாம் படி: பேட்டரி. என்ஜின் ஓடாமல் ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் சுடுநீரில் கழுவி, துடைத்து, இறுக்குங்கள்.

மூன்றாம் படி: பியூஸ். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போயிருந்தால் அதே அளவுதான் போட வேண்டும். புதிய பியூசும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசி உடம்பைத் தொடுகிறது என்று பொருள். அங்கே பெரிய பியூஸ் போடுவது, வீடு எரியும்போது மணியை மட்டும் கழற்றி வைப்பது போல.

நான்காம் படி: ரிலே. ரிலேயை ஒரு மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வரும் சின்ன உத்தரவைக் கேட்டு, பெரிய வேலையை நடத்தி வைப்பவர். கம்ப்யூட்டரிலிருந்து வரும் சிறிய மின்னோட்டம் ரிலேயின் சுருளை இழுக்கிறது. உடனே பெரிய மின்னோட்டம் பம்புக்குப் பாய்கிறது. வயதான ரிலேக்களில் உள்ளே ஈயப்பற்று நுண்ணிய அளவில் வெடித்துவிடும். அதன் அடையாளம் ஒன்றுண்டு: வண்டி சூடான பிறகு திடீரென நிற்கும்; அரை மணி நேரம் சும்மா கிடந்தால் ஒன்றும் நடக்காதது போல ஏறும். பட்டறைக்குக் கொண்டு போனால், "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். நிற்கும் நேரத்தில் ரிலேயை ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பம்பு ஓடினால் அல்லது அதே எண் கொண்ட வேறு ரிலேயை மாட்டியதும் ஓடினால், ஆள் அகப்பட்டார்.

ஐந்தாம் படி: பம்பின் செருகி. இதுதான் தீர்ப்புச் சொல்லும் இடம். பம்புக்குப் போகும் ஒயரில் சோதனை விளக்கை வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்து, எர்த்தும் நன்றாக இருந்து, பம்பு மட்டும் ஓடவில்லையென்றால், அப்போதுதான் பம்பு மேல் பழி போடலாம். அதற்கு முன் அல்ல. மிட்சுபிஷி வழி வந்த பல எம்.பி.ஐ. வண்டிகளில் பம்பை நேரே சோதிக்கவென்று என்ஜின் அறையிலேயே ஒரு தனி முனையும் உண்டு. தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பம்பும் ஓடவில்லை, பிளக்கில் பொறியும் இல்லை என்றால் டாங்கிப் பக்கமே போக வேண்டாம். என்ஜின் சுற்றுகிறது என்று உணர்த்தும் சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால், கம்ப்யூட்டர் வேண்டுமென்றே பம்பை நிறுத்திவிடும். இது விபத்தில் எண்ணெய் கொட்டாமல் இருக்க வைத்த பாதுகாப்பு. அப்போது சென்சாரையும் அதன் ஒயரையும்தான் பார்க்க வேண்டும்.

மீட்டர் சொல்லும் பாதி உண்மை

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். லயத்துத் தண்ணீர்க் குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது. குழாயை மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். ஒயரும் அப்படியே. பத்து நரம்பில் ஒன்பது அறுந்து ஒன்றில் தொங்கும் ஒயர்கூட, பம்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் 12 வோல்ட் என்று காட்டும். "கரண்டு வருது, பம்புதான் கெட்டுப் போச்சு" என்ற தவறான தீர்ப்பு பிறப்பது இங்கேதான்.

ஆகவே பம்பு மாட்டியிருக்கும் நிலையில், அது ஓட முயலும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை பம்பின் பாசிட்டிவில். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று, இரண்டு வோல்ட் என்று காட்டினால் நடுவில் எங்கோ திருட்டு நடக்கிறது. பிறகு பேட்டரியின் நெகட்டிவுக்கும் பம்பின் எர்த்துக்கும் நடுவே அளவுங்கள். அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் எர்த்து ஒயர் உடம்போடு சேரும் திருகு துருப்பிடித்துக் கிடப்பது மிகச் சாதாரணம். கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

தோட்டத்துக்கே உரிய எதிரிகள்

பட்டணத்து மெக்கானிக் நினைத்துப் பார்க்காத சில காரணங்கள் நம் பக்கம் உண்டு.

முதலாவது எலி. செம்பனைப் பழத்தைத் தின்று வளரும் எலிகளைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் கூகைகளுக்குக் கூண்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூகைக்குத் தப்பிய எலி, இரவில் நம் காரின் சூடான என்ஜின் மேல் வந்து படுத்து ஒயரைக் கொறிக்கிறது. எண்ணெய்க் குழாயையும் விடுவதில்லை. இரண்டு நாள் நிறுத்தி வைத்த காரை எடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இரண்டாவது எறும்பு. ரிலேயின் சந்து வழியே புகுந்து நசுங்கி, இரண்டு முனைகளும் சேராமல் செய்துவிடும்.

மூன்றாவது செம்மண் சேறு. மழைக்காலத்தில் அடியில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி நனைந்து, டாங்கியின் செருகிகளில் துருவை ஏற்றும். இதைக் கழுவுவதாக நினைத்து என்ஜின் அறைக்குள் பீய்ச்சித் தண்ணீர் அடிப்பதும் தவறு.

நான்காவது நாமே செய்துகொள்வது. ரேடியோ, கூடுதல் விளக்கு, திருட்டு அலாரம் என்று கண்ட ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுகிறோம். வெயிலில் டேப் இளகும், முறுக்கு தளரும். கார் சோதனையைத் தொடங்கும்போது முதலில் பிறகு சேர்த்த ஒயர்களைப் பாருங்கள்.

முள் பொய் சொன்னால்

எண்ணெய் முள் பாதி காட்டும். வண்டியோ வறண்டு நிற்கும். டாங்கிக்குள் மிதவையோடு சேர்ந்த கருவி ஒன்று எண்ணெய் குறையக் குறைய மின்தடையை மாற்றி முள்ளை அசைக்கிறது. அதன் ஒயரைச் செருகியில் கழற்றி, சாவியை 'ஆன்' செய்து, ஒரு சிறிய சோதனை விளக்கு வழியாக எர்த்தோடு சேருங்கள். விளக்கு எரிந்து, முள் மேலே ஏறினால் முன்பலகை மீட்டரும் ஒயரும் நலம், குறை டாங்கிக்குள். ஏறாவிட்டால் குறை முன்பக்கம். இந்தச் சோதனையை டாங்கியின் வாய் மூடிய நிலையில்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள எண்ணெய்தான். மாதக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எப்போதும் அடிமட்டத்திலேயே ஓட்டினால் பம்பு சூடேறிச் சீக்கிரம் தேயும். கால் டாங்கியாவது வைத்திருப்பது சிக்கனம்தான்.

உயிரோடு விளையாட வேண்டாம்

இதைப் பெரிய எழுத்தில் வீட்டில் ஒட்டி வைத்தாலும் தகும்.

சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைப் பியூசுக்குப் பதில் வைக்காதீர்கள். ஒயர் எரியும், பக்கத்தில் எண்ணெய் இருக்கிறது.

ஒயரை உரசிப் பொறி வருகிறதா என்று டாங்கியின் அருகில் பார்க்காதீர்கள். எரிவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. அது கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தாழ்ந்து படரும்.

எண்ணெய்க் குழாயையோ டாங்கியையோ திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதற்கும் முன்னால், பம்பின் செருகியை எடுத்துவிட்டு என்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓட்டி, குழாயில் இருக்கும் அழுத்தத்தை இறக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்களில் விளக்கு வைக்காதீர்கள். டிஜிட்டல் மீட்டர் மட்டுமே அங்கே ஆகும்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் பம்பு மாட்டாதீர்கள். கார்புரேட்டர் தாங்குவது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அழுத்தமே. எண்ணெய் பொங்கிச் சூடான என்ஜின் மேல் வழியும். பொருத்தமான மின்சாரப் பம்பு போட்டாலும், என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே வைத்துக் கட்டுங்கள்.

டாங்கிக்குள் இருக்கும் ஒயரைச் சாதாரண டேப் சுற்றி ஒட்டாதீர்கள். அந்த வேலையை விவரம் அறிந்தவரிடமே விடுங்கள்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஆனால் பட்டறைக்குப் போகும்போது, "காடி ஏறல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தால், ஊகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்று பொருள். எப்போது நின்றது, சூட்டிலா குளிரிலா, மழையிலா வெயிலிலா, பம்புச் சத்தம் கேட்டதா, பியூஸ் நன்றாக இருந்ததா என்று எழுதிக்கொண்டு போங்கள். "பம்பு மாத்துறதுக்கு முன்ன, பம்புகிட்ட எத்தனை வோல்ட் வருதுன்னு காட்டுங்க ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள். வாடிக்கையாளர் கேட்பதில் தவறேதும் இல்லை.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த வருமானத்தில் வீட்டையும் பிள்ளைகள் படிப்பையும் பார்த்துக்கொண்டு, கெடாத பம்புக்கும் கெடாத கார்புரேட்டருக்கும் எவ்வளவு கொடுக்க முடியும்? ஒரு சோதனை விளக்கும் சின்ன மீட்டரும் வாங்க ஆகும் செலவு அதற்கு முன் தூசு.

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

ஒவ்வொரு தோட்டத்திலும் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். கையில் திறமை இருக்கிறது, ஏட்டில்தான் இல்லை. மனிதவள அமைச்சின் தொழில் பயிற்சிக் கழகங்களில் மோட்டார் வாகனத் துறை படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். பெண் பிள்ளைகளும் படிக்கலாம். மின்சாரத்துக்கு ஆண் பெண் தெரியாது. இன்று ஒயரைப் பின்தொடரக் கற்றவன், நாளை எந்தப் புது வண்டி வந்தாலும் தடுமாற மாட்டான். புது வண்டியில் ஒயர் இன்னும் அதிகம்!

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு சோதனை விளக்கு, ஒரு மீட்டர், சில பியூஸ், ஒரு நல்ல ரிலே, ஒரு தீயணைப்புக் குப்பி வாங்கித் தோட்டத்துக் கோயிலிலோ மன்றத்திலோ வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். கார் நின்றால் முதலில் விளக்கை எடுங்கள். அதற்குப் பிறகு பணப்பையை எடுக்கலாம்.